ஒரு மெட்டும் பல குரலும்

எம் ஊர்க் கோயிலிலே ஞாயிறுதோறும் கீர்த்தனை பாடப்படும்போது, முன்னே பாயின்மேல் அமர்ந்திருக்கும் மூதாட்டிமார் நால்வர் ஐவர் தத்தம் போக்கிலே பாடிச் செல்வது முன்னாள் வழக்கம். ஹார்மோனியம் ஒரு சுரத்தில் நிற்க, ஒருவர் அச்சுரத்தைக் கீழிருந்து வளைத்துப் பிடிப்பார். மற்றொருவர் அடியின் ஈற்றசையை விட மனமின்றி நீட்டிக்கொண்டே இருப்பார். என் பாட்டியாரோ இரண்டு சுரங்களுக்கிடையே மூன்றாவதொன்றைச் சேர்த்து அசைத்துவிட்டு, ஏனையோர் அடுத்த அடிக்குச் சென்ற பின்னரே தாம் அங்கு வந்து சேர்வார். சில ஆண்டுகளுக்கு முன் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்க வந்த பெரியவர் ஒருவர் இதனைக் கேட்டு முகஞ்சுளித்து, "பாட்டு ஒரே நேராகப் போக வேண்டும், கோணல்மாணலாகப் போகலாகாது" என்று கூறி, மூதாட்டிமாரை மெல்லப் பாடும்படி வேண்டினார். அவர்கள் மெல்லப் பாடவில்லை; பாடுவதையே விட்டுவிட்டார்கள். அந்நாளில் அக்குழுவிலே ஹார்மோனியம் வாசித்தவன் யானே. பாட்டு நேராயிற்று என்று யான் மகிழ்ந்ததும் உண்மை.

சென்ற பருவத்தில் நூலகத்திலே, ஸ்காத்லாந்தின் மேல்கரைக்கு அப்பாலுள்ள லூயிஸ் என்னுந் தீவின் சபையார் தாவீதின் சங்கீதம் ஒன்றைப் பாடும் ஒலிப்பதிவு கேட்க வாய்த்தது. முதலில் குழப்பமாகவே இருந்தது. சற்றுச் செவிகொடுத்துக் கேட்டபின் திடுக்கிட்டேன். எம் ஊர் மூதாட்டிமார் நால்வர் செய்த 'பிழை'யையே அங்கே ஒரு சபை முழுவதும் செய்துகொண்டிருந்தது. அதனை உலகத்து இசையறிஞர் அருங்கலையெனப் போற்றிப் பதிந்து வைத்துமிருந்தனர். இப்பொருள் குறித்துப் பின்னர்த் தேடிப் படித்தவற்றையே ஈண்டு எழுதத் துணிகின்றேன். யான் இசையிலக்கணம் முறையாகக் கற்றவன் அல்லேன், தமிழ் மாணவன். ஆதலின் இசைவல்லோர் குற்றங் காணின் பொறுப்பாராக.

பலர் கூடிப் பாடும் முறைகளைப் பெரும்பாலும் மூவகையாகப் பகுத்துக் காணலாம். எல்லோரும் ஒரே மெட்டை ஒரே காலத்தில் இம்மியும் மாறாது பாடுவது ஒன்று. பள்ளிச் சிறுவர் வரிசையில் நின்று வணக்கப்பாட்டுப் பாடுவதை இதற்குக் காட்டாகக் கூறலாம். வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு மெட்டுக்களைப் பாடித் தம்முள் இயைவது மற்றொன்று. கிறிஸ்து பிறப்புப் பாடல்களை நம் கல்லூரிப் பாடகர் நான்கு குரலாகப் பிரிந்து பாடக் கேட்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இவ்விரண்டினும் அடங்காத மூன்றாவதொரு முறை உண்டு. அதில் எல்லோர் உள்ளத்தும் இருப்பது ஒரே மெட்டுத்தான். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் குரலுக்கும் கருவிக்கும் மனப்பாங்கிற்கும் ஏற்ப, அதனை ஒரே வேளையில் வேறுவேறாக இசைப்பர். ஒருவர் சுருக்குவார், ஒருவர் விரிப்பார், ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். மேனாட்டார் இதனை 'ஹெட்டரோபோனி' என்பர். 'வேறு' எனவும் 'குரல்' எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களாலாயது அப்பெயர்.

தமிழில் இதனை எங்ஙனம் வழங்குவது? ஒரு மரத்தின் கிளைகள் என்னும் கருத்துப்படக் 'கிளையிசை' என்று சொல்ல முதலில் விரும்பினேன். ஆனால் 'கிளை' என்பது இணை, பகை, நட்பு என்பவற்றோடு ஒருங்கு வைத்து நரம்புகளின் உறவைக் குறிக்கும் குறியீடாகப் பழைய இசைமரபில் முன்னரே ஆளப்பட்டுள்ளது. அதனைப் பறித்தல் முறையன்று. 'வேற்றுக்குரல்' என்பதே போதும் போலும். வேறு என்றவுடன் பகையென்று கொள்ள வேண்டுவதில்லை. இலக்கணத்திலே எட்டு வேற்றுமை படிக்கின்றோம். உருபுகள் மாறி மாறி வரினும் பெயர் ஒன்றே அன்றோ!

இச்சொல் நூல்களிற் புகுந்த வரலாறே சுவையானது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலின் ஏழாம் புத்தகத்திலே இதனை ஆள்கின்றார். அதுவும் விலக்கும் முறையிலே. யாழ் கற்கும் சிறுவர்க்கு அவர் வகுத்த காலம் மூன்றே ஆண்டுகள். அக்காலத்திற்குள் அவர்கள் விரைந்து கற்க வேண்டுமாயின், ஆசிரியர் பாட்டின் சுரங்களையே யாழிலும் அப்படியே இசைக்க வேண்டும். குரல் ஒருவழியும் நரம்பு வேறுவழியுமாகப் போதலும், குரல் மெல்லச் செல்ல நரம்பு விரைதலும், அவைபோன்ற நுணுக்கங்களும் இளைஞரைக் குழப்பும் என்பது அவர் கருத்து. மாணவர்க்கு ஆகாது என்று அவர் கூறியதிலிருந்தே, கிரேக்க நாட்டில் வல்லோர் அங்ஙனம் வாசித்தனர் என்பது பெறப்படும். யாரும் செய்யாததை ஒருவர் விலக்குவரோ?

அதன்பின் நெடுங்காலம் கழிந்து, 1900-ஆம் ஆண்டில் சியாம் தேசத்து இசைக் குழுவொன்று பெர்லின் நகருக்கு வந்தது. கார்ல் ஸ்டும்ப் என்னும் பேராசிரியர், எடிசன் கண்ட ஒலிப்பதிவுப் பொறியைக்கொண்டு அவர்கள் வாசிப்பை மெழுகுருளைகளிற் பதிந்து ஆராய்ந்தார். அப்பதிவுகளே பின்னர் உலகப் புகழ்பெற்ற பெர்லின் ஒலிக்காப்பகத்திற்கு வித்தாயின. வட்டமாக அடுக்கிய கண்டைகளை அடிப்பவர் மெட்டைச் செவ்வனே தட்டிச் செல்ல, மரச்சட்டங்களை அடிப்பவர் அதே மெட்டை இரட்டிப்பு விரைவில் நிரப்பிச் செல்வதைக் கண்ட ஸ்டும்ப், இதற்கு ஒரு பெயர் வேண்டிப் பிளேட்டோவின் பழஞ்சொல்லை எடுத்து 1901-ஆம் ஆண்டில் தம் நூலில் வழங்கினார். 1908-இல் கீடோ ஆட்லர் என்னும் அறிஞர் இப்பொருள் பற்றியே தனிக்கட்டுரை வரைந்தார். எனினும் அக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர், ஐரோப்பியப் பல்குரலிசைக்கு ஏறும் ஏணியின் கீழ்ப்படியாகவே இதனை எண்ணினர். அவ்வெண்ணம் தவறென்பதற்குச் சீன தேசத்தைப் பார்த்தாலே போதும்.

யாங்ட்சி ஆறு கடலொடு கலக்கும் பகுதிக்குத் தெற்கேயுள்ள நாட்டை ஜியாங்நான் என்பர். ஷாங்காய், சூச்சோ, ஹாங்சோ முதலிய நகரங்கள் அதன்கண் உள்ளன. அந்நாட்டார் 'பட்டும் மூங்கிலும்' என்று ஓர் இசைமுறையை வழங்குகின்றனர். முற்காலத்தில் யாழ்வகைக் கருவிகளுக்குப் பட்டுநூலால் நரம்பு முறுக்கினர், குழல்கள் மூங்கிலாலாயவை, ஆதலின் அப்பெயர். இரு நரம்புடைய எர்ஹூ என்னும் வில்லிசைக் கருவி, மெல்லிய சவ்வு ஒட்டிய குறுக்குக் குழல், பல குழல்களை ஒருங்கு செருகிய வாயூதி, நான்கு நரம்புடைய பீப்பா, சிறு மூங்கிற் கோல்களால் தட்டும் யாங்ச்சின் ஆகியன அதற்குச் சிறந்தவை. இவ்விசை அரங்கத்திலே பிறந்ததன்று, தேநீர்க்கடையிலே வளர்ந்தது. ஷாங்காய் நகரத்துப் பழம்பகுதியில் குளத்தின் நடுவே, பல கோணங்களாய் மடங்கிச் செல்லும் பாலத்தின் வழியே அடையத்தக்க தேநீர் மண்டபம் ஒன்று உண்டு. அத்தகைய இடங்களில் தொழில் முடித்து வந்த அன்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தேநீர் பருகிக்கொண்டே வாசிப்பர். பெரும்பாலும் அவர்கள் பிறர் கேட்க வாசிப்பதில்லை, தமக்காகவே வாசிப்பர். தலைவன் என்று ஒருவன் கோல் பிடித்து நிற்பதில்லை. முன்னே ஏடும் இல்லை.

இங்கே எல்லோருக்கும் பொதுவாக உள்ளது ஒரு மெட்டின் எலும்புக்கூடு மட்டுமே. 'பழைய ஆறு தட்டு' என்று பொருள்படும் ஒரு சிறிய மெட்டு அவற்றுள் மிகப் பெயர்போனது. சிறுவனும் ஓரிரு நாளிற் கற்கத்தக்கது. அதனை மெதுவாக்கினால் சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே வெறுமை தோன்றுமன்றோ? அவ்வெறுமையிற் புதுச் சுரங்களை நிரப்புவர். இதற்குப் 'பூச் சேர்த்தல்' என்று அவர்கள் அழகாகப் பெயரிட்டுள்ளனர். அங்ஙனம் நிரப்பியதை மீண்டும் மெதுவாக்கி மீண்டும் பூச் சேர்ப்பர். இவ்வாறு ஒரே மெட்டிலிருந்து ஐந்து உருவங்கள் தோன்றியுள்ளன. மிக மெதுவானதில் தொடங்கி மூலமெட்டை நோக்கி ஐந்தையும் தொடர்ந்து வாசிக்கும்போது, அத்தொகுதிக்கு 'ஒரே கூடத்தில் ஐந்து தலைமுறை' என்பது பெயர். கொள்ளுப்பேரன் முதலாகப் பாட்டன் வரை ஒரு வீட்டில் ஒருங்கிருப்பதாகக் கற்பித்த அப்பெயரை எண்ணுந்தோறும் எனக்கு இன்பம் உண்டாகின்றது.

ஆனால் பூச் சேர்க்கும் முறை கருவிக்குக் கருவி வேறு. குழல் ஊதுவோர் சுரத்தை உருட்டி நடுக்குவர். எர்ஹூ வாசிப்போர் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்வர். யாங்ச்சின் தட்டிய ஒலி நீடித்து நில்லாதாகலின் அதனை வாசிப்போர் ஒரு சுரத்தை மேலும் கீழுமாகப் பலமுறை தட்டி நிரப்புவர். கருவியின் குறையே அதன் அணியாக மாறிவிடுகின்றது. இவை அனைத்தும் ஒருங்கொலிக்கும்போது, நடுவில் எவரும் எவரோடும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஆயினும் சொற்றொடர் முடியும் இடத்தில் எல்லோரும் ஒரே சுரத்தில் வந்து கூடுவர். மேலும், ஒருவர் செறிவாக வாசிக்கும்போது மற்றவர் எளிமையாக வாசிக்க வேண்டும், ஒருவர் மேலே சென்றால் மற்றவர் கீழே தங்க வேண்டும் என்பது அவர்களிடையே வழங்கும் விதி. எனவே ஒவ்வொருவரும் தாம் வாசிப்பதைக் காட்டிலும் அயலார் வாசிப்பதையே கூர்ந்து கேட்டாக வேண்டும். புதிதாக வந்தவர் ஒருவர் தம் திறமை முழுவதையும் ஓயாது காட்டினால், மேசையைச் சுற்றியிருப்போர் அவரை வல்லவர் என்று கொள்ளார்.

ஜாவாத் தீவின் 'கமெலான்' என்னும் பெருங்கூட்டிசையும் இவ்வகையிலேயே வைத்து எண்ணப்படுவது. அது வெண்கலத்தாலாகிய தட்டுக்களும் குடங்களும் கண்டைகளும் நிரம்பியது. நடுத்தரக் கருவிகள் சில மெட்டின் முதுகெலும்பை நிதானமாக அடித்துச் செல்லும். சிறிய தட்டுக்கள் அதனை இரட்டிக்கும். குடவரிசை, வரப்போகும் சுரத்தை முன்னரே தொட்டுக் காட்டும். வில்லிசைக் கருவியும் பாடும் மகளிர் குரலும் அதனைச் சுற்றிக் கொடிபோல் வளைந்து, சிறிது பிந்தியே வந்தடையும். நான்கு தட்டுக் கொண்ட ஒவ்வொரு பகுதியின் ஈற்றுச் சுரமே எல்லோருக்கும் குறி. எந்த வழியிற் சென்றாலும் அங்கே சேர்ந்தாக வேண்டும் என்பதே கட்டளை. 1889-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சிக்கு ஜாவாவிலிருந்து வந்த குழுவினரின் வாசிப்பைக் கேட்டுப் பிரெஞ்சு இசைப்புலவர் தெபுஸ்ஸி மனம் பறிகொடுத்தது பலரும் அறிந்த செய்தி. முதுகெலும்பு என்று கூறும் அவ்வரிசை உண்மையில் எவராலும் முழுமையாக வாசிக்கப்படாத ஓர் உள்மெட்டின் நிழலே என்று, ஜாவாவிற் பிறந்த அறிஞரான சுமர்சாம் எழுதியிருக்கின்றார். எல்லோரும் அறிந்து, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு மெட்டைச் சுற்றி இருபது பேர் வாசிப்பதாகக் கொள்வது எத்துணை நுட்பமான கருத்து!

அரபு நாடுகளில் ஊது, கானூன், நாய், பிடில் ஆகிய நான்கைந்து கருவிகளே கொண்ட 'தக்து' என்னும் சிறு குழுவும், பாடுவோரை இவ்வாறே பின்பற்றிச் செல்வது. பின்னாளில் எகிப்தில் பிடில்களைப் பெருக்கி, எழுதிய சுரத்தைப் பார்த்து யாவரும் ஒன்றுபோல் வாசிக்கும் பெருங்குழுக்கள் தோன்றியபோது, அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. ஜப்பானிய அரசவை இசையிலும் நாணற்குழலும் மூங்கிற்குழலும் ஒரே மெட்டை ஊதிச் செல்லுங்கால் வளைவுகளில் வேறுபடுகின்றன. இவற்றை விரிப்பிற் பெருகும்.

நம் நாட்டுக் கச்சேரியிலும் இதன் சாயல் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் முதலியோரால் நம் இசைக்கு உரியதாக்கப்பட்ட பிடில், பாடகர் இராகம் விரிக்கும்போது மயிரிழை பிந்திச் சென்று அவர் விட்ட இடத்தை நிரப்புவதைக் கேட்டிருக்கின்றோம். பிந்துகின்றதே என்று அதனை எவரும் குறை கூறுவதில்லை. மேடைமேல் இருப்பார்க்கு உரிமையாகக் கருதப்படுவது பாயின்மேல் இருப்பார்க்குப் பிழையாகக் கருதப்படுவானேன் என்பது இதனை எழுதும்போது தோன்றிய ஐயம்.

இனி, எம்மை இத்தேடலில் ஈடுபடுத்திய சங்கீதப் பாட்டிற்கு வருவோம். 1645-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த வழிபாட்டு முறைநூல் ஒன்று, சபையாரில் படிக்கத் தெரியாதவர் பலராயிருப்பின், குருவானவரோ தக்க பிறரோ சங்கீதத்தை அடியடியாக முன்னே வாசிக்க, மற்றவர் பின்னே பாடலாம் என்று விதித்தது. எழுத்தறியாதார்க்கென அப்போதைக்குச் செய்த ஏற்பாடு அது. ஸ்காத்லாந்தின் மேட்டு நிலங்களிலும் தீவுகளிலும் வழங்கிய கேலிக் மொழியில் முதல் ஐம்பது சங்கீதங்கள் 1659-இலும், நூற்றைம்பதும் 1694-இலும் செய்யுளாக அச்சேறின. பெரும்பாலும் எட்டசையும் ஆறசையும் மாறி வரும் நான்கடிச் செய்யுட்கள் அவை. மெட்டுக்களோ தெற்கேயிருந்து வந்த சில எளிய மெட்டுக்கள். அவ்வெளிய மெட்டுக்கள் அத்தீவுகளில் அடைந்த மாற்றத்தை நேரிற் கேளாதார்க்கு எழுத்திற் காட்டுதல் அரிது, ஆயினும் முயல்கின்றேன்.

கோயிலில் இசைக்கருவி எதுவும் இல்லை. முன்னிசைப்பவர் ஒருவர் எழுந்து மெட்டைத் தொடங்க, சபையார் சேர்ந்துகொள்வர். அதன்பின் ஒவ்வோர் அடியையும் அவர் விரைவாக, ஓரிரு சுரங்களின்மேல் ஓதுவதுபோல் எடுத்துக்கொடுப்பார். அவர் முடிக்குமுன்னரே சபையார் எழும்பி அவ்வடியை மிக மெதுவாக, ஒவ்வோர் அசையையும் நீட்டிப் பாடுவர். நீட்டும்போது ஒவ்வொருவரும் சுரத்தைச் சுற்றித் தமக்குரிய நெளிவுகளைச் சேர்ப்பர். தந்தையிடம் கேட்டது ஒருவர் நெளிவு; அயற்சிற்றூரிற் கற்றது மற்றொருவர் நெளிவு. ஒருவர் மேற்சுரத்தைத் தொட்டுவிட்டார். மற்றொருவர் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கின்றார். மூன்றாமவர் மூச்சு வாங்க நிற்கின்றார். ஆதலால் ஒலி எங்கும் அறுவதில்லை. இதனைக் கடலலைக்கு ஒப்பிடுவோர் பலர். எனக்கோ காற்றிற் சாயும் நெல்வயலே நினைவிற்கு வந்தது. வீசுவது ஒரே காற்று. ஆயினும் ஒவ்வொரு கதிரும் தன் கணத்திலேதான் சாயும். அடி முடியுமுன் முன்னிசைப்பவரின் குரல் அவ்வொலியைக் கிழித்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கும். ஜோசப் மைன்சர் என்னும் இசையாசிரியர் ராஸ் நாட்டுப்பகுதியில் வழங்கிய இந்நீண்ட மெட்டுக்களைச் சுரப்படுத்தி 1844-ஆம் ஆண்டிலே வெளியிட்டார். எளிய மூலமெட்டின் ஒரு சுரம் நிற்குமிடத்திலே, அவர் ஏட்டில் ஒரு கூட்டம் சுரங்கள் நெருங்கி நிற்கின்றன.

இதே பாடல்முறை கடல் கடந்து அமெரிக்காவிலுள்ள புதிய இங்கிலாந்திலும் வழங்கியது. அங்கேதான் இதன்மேற் பெரும்பூசல் மூண்டது. மாசச்சூசெட்ஸ் நாட்டுக் குடியேற்றத்தார் 1640-இலேயே தம் சங்கீத நூலை அச்சிட்டிருந்தனர். ஆனால் மெட்டுக்கள் பெரும்பாலும் செவிவழியாகவே வழங்கின. இரண்டு தலைமுறை கழிந்தபின், கல்லூரியிற் பயின்று வந்த இளங்குருமார்க்கு அப்பாட்டுப் பொறுக்கமுடியாததாயிற்று. தாமஸ் சிம்ஸ் என்பவர் 1720-இலும், தாமஸ் வால்ட்டர் என்பவர் 1721-இலும், சுரம் பார்த்துப் பாடுவதே முறையென வற்புறுத்தி நூல் எழுதினர். ஐந்நூறு வேறு மெட்டுக்களை ஒரே வேளையில் உரக்கக் கத்தினாற்போன்றது இது என்றார் வால்ட்டர். ஒரு சுரத்தைப் பாடி முடிப்பதற்குள் தாம் இருமுறை மூச்சு வாங்க நேர்ந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். பழைய முறையாரும் வாளாவிருந்தாரல்லர். சுரங்களுக்கு இட்ட பெயர்கள் தெய்வ நிந்தனை என்றனர். பணம் பறிக்கும் சூழ்ச்சி என்றனர். இப்புது முறை இன்றியே எம் முன்னோர் பரமண்டலம் சேர்ந்தனரே என்றனர். அவர்கள் வாதங்களைச் சிம்ஸே பட்டியலிட்டு மறுத்திருக்கின்றார். படிக்கும்போது நகைப்பு வரினும், இறுதியிற் கூறிய வாதத்தில் ஒரு துயரமும் இருக்கின்றது. பாட்டுப் பள்ளிகள் ஊர்தோறும் எழுந்தன. பழைய முறை நகரங்களைவிட்டு மெல்ல நீங்கியது.

வால்ட்டரைக் குறை கூறுவது எளிது; ஆனால் அவர் கூறியதில் உண்மையே இல்லை என்று யான் சொல்ல மாட்டேன். ஓரூர் மெட்டை அடுத்த ஊரார் அறியமுடியாதபடி மாறியிருந்ததென்றால், அங்கே பொதுமெட்டு என்பதே அழியத் தொடங்கியிருந்தது என்று கொள்ளவேண்டும். தடுமாறுவதெல்லாம் கலையாகிவிடாது. பாட்டறியாது தடுமாறுவோர்க்கும் வேற்றுக்குரலில் இசைப்போர்க்கும் வேறுபாடு யாதெனின், பின்னவர் அடியின் முடிவில் வந்து கூடுவர். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே நெளிவைச் செய்வர். தனியே பாடச் சொன்னால் மெட்டைச் செம்மையாகப் பாடுவர். நிக்கோலஸ் டெம்பர்லி என்னும் அறிஞர் 1981-ஆம் ஆண்டில் இப்பழைய முறையை ஆராய்ந்து, கருவியும் ஏடுமின்றி ஒரு சபை தலைமுறை தலைமுறையாகப் பாடிவரின் பாட்டு இவ்வாறு மெதுவாகி, நெளிவுற்று, விரிவது இயல்பே என்று காட்டினார்.

வடபுறத்து நகரங்களில் அழிந்த அம்முறை பிற இடங்களிற் பிழைத்திருக்கின்றது. கெண்டக்கி மலைப்பகுதியிலுள்ள பழைமை பேணும் பாப்டிஸ்து சபையாரும், தென்புறத்து நீக்ரோ மரபினராகிய கறுப்பின மக்களின் சபைகள் சிலவும் இன்றும் அடியடியாக எடுத்துக்கொடுத்துப் பாடுகின்றனர். ஐசக் வாட்ஸ் 1707-இல் வெளியிட்ட ஞானப்பாட்டுக்களை அடிமைப்பட்டிருந்த அம்மக்கள் தம் குரலிலே அமைத்துக்கொண்டு, அப்பாடல்முறைக்கே அவர் பெயரை வழங்கினர். கறுப்பின மக்களின் பாட்டிற்கும் லூயிஸ் தீவின் பாட்டிற்கும் உள்ள ஒப்புமையைக் கண்டு வியந்த வில்லி ரஃப் என்னும் இசைஞர், 2005-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் இருவகைப் பாடகரையும் ஒரு மாநாட்டிற் கூட்டினார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்ற அவர் கருத்தை அறிஞர் எல்லோரும் ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தே கொண்டுவந்த பாடல்மரபு அம்மக்களுக்கு உண்டு என்பது மறுப்போர் வாதம். எனக்கும் மறுப்போர் கூற்றே வலியுடையதாகத் தோன்றுகின்றது. ஒரே நிலைமை இரு கரைகளில் ஒரே விளைவைத் தரலாகாதோ?

லூயிஸ் தீவில் பாக் என்னும் ஊர்க் கோயிலில் 2003-ஆம் ஆண்டிற் பதிந்ததே யான் கேட்ட பாட்டு. கேலிக் பேசுவோர் குறைந்து வருதலின் அங்கும் இப்பாட்டு மெலிந்து வருகின்றது. பதிவில் முன்னிசைப்பவர் குரல் ஓய்ந்து, சபையின் குரல் எழும் இடத்தில், சற்று வலப்புறமாக முதிய பெண்மணி ஒருவரின் குரல் எல்லோர்க்கும் பின்னே வந்து சேர்வது தெளிவாகக் கேட்கின்றது. அவரை எவரும் மெல்லப் பாடச் சொல்லவில்லை.

சென்ற விடுமுறைக்கு ஊர் சென்றபோது, என் பாட்டியாரிடம் பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடும்படி வேண்டிப் பதிந்துகொள்ள முயன்றேன். யான் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஹார்மோனியம் வாசித்ததுபோல நேராகப் பாடிவிட்டார். ஒரு நெளிவும் இல்லை. "கோயிலில் பாடியதுபோல இழுத்துப் பாடவில்லையே" என்றேன். "அது நானாப் போடுறது இல்லையா, ஐயா. பக்கத்துல நாலு பேரு இழுத்தா அதுவா வரும்" என்றார். அந்த ஐவரில் இருவர் இதற்குள் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டனர். மறுநாள் மாலை மற்ற இருவரையும் வீட்டிற்கு அழைத்து வந்து, காப்பி கொடுத்துத் திண்ணையில் பாய் விரித்து உட்காரச் செய்தேன். முதற் சரணத்தை மூவரும் கூச்சத்தோடு நேராகவே பாடினர். இரண்டாவதில் ஒருவர் ஈற்றசையை நீட்டினார். மூன்றாவதில் என் பாட்டியார் பிந்தத் தொடங்கினார்.